கம்பெனி எஞ்சினில் டர்போ: குன்னூர் கொட்டகையிலிருந்து கேள்வி பதில்

குன்னூரில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் நிற்கிறது. 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கம்பெனிக் கணக்கில் 85 குதிரைத்திறன். அதில் ஒரு சின்ன டர்போ போட்டிருக்கிறேன். ஒருமுறை அந்த எஞ்சினை உடைத்தும் இருக்கிறேன். உடைத்த கதை பரவியதிலிருந்து ஊட்டி, கோத்தகிரி, மேட்டுப்பாளையம் என்று பல பக்கமிருந்தும் தம்பிகள் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மலையில் வண்டி ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது? டர்போ போட்டால் சரியாகுமா?

காற்று குறைவு, அவ்வளவுதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1.01 பார். கோவையில் 0.96. 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் 0.81, ஊட்டியில் 0.77. எஞ்சின் தன் மூச்சில் உறிஞ்சுவது வெளியே இருக்கும் காற்றைத்தான். ஆகவே 85 குதிரை குன்னூருக்கு வந்து சேரும்போது 68 ஆகிவிடுகிறது. பர்லியாறு தாண்டி ஏறும்போது செகண்ட் கியரை விட மனம் வராததற்கு இதுதான் காரணம்.

டர்போ அந்தக் காற்றை அமுக்கித் தருகிறது, அதுவும் வீணாகப் போகும் புகையின் சூட்டையும் வேகத்தையும் வைத்து. நம் ஊருக்கு இது புது யோசனை இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் நீராவி எஞ்சின், முதல் சிலிண்டரில் வேலை முடித்த ஆவியை வெளியே விடாமல் இரண்டாம் சிலிண்டருக்கு அனுப்பி, அதைக் கொண்டுதான் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. இயந்திரம் வேறு, சிக்கனம் ஒன்றுதான்.

அதற்கு எஞ்சினை உள்ளே பலப்படுத்தியே ஆக வேண்டுமா?

எவ்வளவு பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ எவ்வளவு அழுத்தம் கூட்டுகிறது என்பதைப் பொறுத்தது. குன்னூரில் 0.25 பார் பூஸ்ட் என்றால் 0.81 + 0.25 = 1.06 பார். கடற்கரையில் ஓடும் சாதாரண எஞ்சினை விட 5 சதவீதம்தான் அதிகம். மலை பிடுங்கிக்கொண்டதைத் திருப்பி வாங்குகிறீர்கள், கொஞ்சம் வட்டியோடு. எஞ்சின் ஆரோக்கியமாக இருந்தால் இதற்கு பிஸ்டனையோ அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடையோ மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் பூஸ்ட் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங்குக்கு மலையும் தெரியாது, ஊரும் தெரியாது. வெளிக்காற்றுக்கு மேல் 0.25 என்று மட்டும்தான் அது கணக்கு வைக்கும். அதே வண்டியைக் கோவைக்குக் கொண்டுபோனால் 0.96 + 0.25 = 1.21 பார். ஒரு திருகைக்கூடத் தொடவில்லை, எஞ்சினுக்குள் போகும் காற்று மட்டும் 14 சதவீதம் கூடிவிட்டது. எஞ்சினைப் பலப்படுத்தும் கேள்வி தொடங்குவது இங்கேதான். மலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘தாங்குது’ என்று சொல்லாதீர்கள். கீழே தாங்குகிறதா என்று கேளுங்கள்.

உங்கள் எஞ்சின் எப்படி உடைந்தது?

மேலே சொன்னதை அப்போது யோசிக்காததால். நண்பரின் தேயிலைத் தோட்டத்துக்குள் தனியார் சாலை ஒன்று உண்டு. அங்கே 0.25 பாரில் இரண்டு மாதம் ஓட்டினேன். சின்னக் குறைகூட இல்லை. தைரியம் வந்து, கேரியர் வண்டியில் ஏற்றி, கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனேன்.

பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் தீர்மானிக்கும் கம்ப்யூட்டரான ஈசியுவில் கம்பெனி கொடுத்ததையே வைத்திருந்தேன். காற்றழுத்தம் பார்க்கும் மேப் சென்சாருக்கு 1.05 பாருக்கு மேல் கண் தெரியாது. குன்னூரில் 1.06 என்பதால் குறை வெளியே தெரியவில்லை. கீழே 1.21 வந்தபோதும் சென்சார் 1.05 என்றே சொன்னது. ஈசியுவும் 1.05-க்கான பெட்ரோலையே ஊற்றியது. காற்று 14 சதவீதம் கூடுதல், பெட்ரோல் பழைய அளவு, வெளியே வெயில் 35 டிகிரி. நான்காவது சுற்றில் ஜல்லிக்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். ஹெல்மெட்டுக்குள் அது சரியாகக் கேட்கவில்லை. ஐந்தாவது சுற்றில் நீலப் புகை.

பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரம்பு, நகத்தளவு ஒரு துண்டு, உடைந்து ரிங்குக்கு அடியில் சொருகியிருந்தது. ராடு நேராக இருந்தது, பேரிங்கில் கீறல் இல்லை, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்டும் முழுசாக இருந்தது. பெட்ரோல் பற்றாக்குறையால் வந்த நாக்கிங் அது. அதாவது, தீப்பொறி பற்றவைத்த தீ பரவி முடியும் முன்பே, மிச்சமிருக்கும் கலவை சூட்டில் தானே வெடிப்பது.

பொதுவாக எது முதலில் போகும்?

நான் பார்த்த வரிசை இது. முதலில் பிஸ்டனின் ரிங் வரம்பு. அடுத்து ஹெட் கேஸ்கட். அதற்கப்புறம்தான் கனெக்டிங் ராடு. முதல் இரண்டையும் பெரும்பாலும் உடைப்பது நாக்கிங். அதாவது, தீப்பொறி பற்றவைத்த தீ பரவி முடியும் முன்பே, மிச்சமிருக்கும் கலவை சூட்டில் தானே வெடிப்பது. கம்பெனி பிஸ்டன் வார்ப்பு அலுமினியம். சூடு தாங்கும், சுத்தியலடி தாங்காது.

ராடு விஷயம் வேறு. அதை வளைப்பது குறைந்த சுற்றில் வரும் பெரிய இழுவை. ராடு போல்ட்டை இழுத்து அறுப்பது அதிக சுற்று. டாப் கியரில் 2,000 சுற்றில் வைத்துக்கொண்டு மேட்டில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பதுதான் ராடுக்கு மிக மோசமான பழக்கம். கியரைக் குறையுங்கள், காசு செலவில்லை.

ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு போட்டுவிட்டால் கவலை இல்லையே?

ஃபோர்ஜ்டு என்றால் வார்க்காமல் அடித்து உருவாக்கியது. உடைய நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நாக்கிங் இருந்தால் ஃபோர்ஜ்டு பிஸ்டனையும் தின்றுவிடும். 0.5 பாருக்கு மேல் போகிறவர்களுக்கு அது தேவை. குறைந்த செலவில் செய்கிறவர்களுக்கு அந்தப் பணம் ஈசியுவுக்கும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் போவதே நல்லது.

எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுப்பார்கள். இங்கே ஒரு மலைப் பொறி இருக்கிறது. கடல் மட்டத்தில் 180 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல எஞ்சின், குன்னூரில் 145 பக்கம்தான் காட்டும். உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால், அமுக்கினாலும் குறைவாகத்தான் வரும். கீழேயிருந்து வந்த ஒரு மெக்கானிக் இந்த 145-ஐப் பார்த்துவிட்டு, ‘ரிங் போச்சு, ரீபோர் பண்ணணும்’ என்று என் அண்ணன் வண்டிக்குத் தீர்ப்புச் சொன்னார். அது 60,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி.

எண்ணை விட, நான்கு சிலிண்டர்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முடிந்தால் லீக்டவுன் டெஸ்ட் எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை பிளக் ஓட்டை வழியாக விட்டு எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேட்பது அது. ஆயில் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

பிரித்தாகிவிட்டது. பெரிய செலவில்லாமல் உள்ளே என்னென்ன செய்யலாம்?

என்னைக் கேட்டால் முதல் இடம் ரிங் இடைவெளிக்கு. பூஸ்டில் ரிங் கூடுதலாகச் சூடாகி நீளும். இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் ரிங் சிலிண்டரைப் பிறாண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் வரம்பைப் பெயர்க்கும். புது ரிங்கை வாங்கினபடியே மாட்டாதீர்கள். சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குலம் கீழே தள்ளுங்கள். அப்போதுதான் ரிங் கோணாமல் உட்காரும். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அளவெடுங்கள். தெருவில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு சிலிண்டர் விட்டத்தின் ஆயிரத்தில் 4.5 பங்கு என்பது பழைய கணக்கு. 74 மி.மீ. விட்டத்துக்கு 0.33 வரும். நான் முதல் ரிங்குக்கு 0.35, இரண்டாவதுக்கு 0.40 வைத்தேன். மெல்லிய தட்டை அரத்தை வைஸில் கட்டி, ரிங்கின் ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக மட்டும் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் விளிம்பில் பிசிர் நிற்கும், பூச்சு உரியும். நாலு தேய்ப்பு, ஒரு அளவு. மறுபடி நாலு தேய்ப்பு. எட்டு ரிங்குக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கேஜ் தவிர வேறு செலவில்லை.

அடுத்தது ராடு. போல்ட், நட்டைப் புதிதாகப் போடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ராடில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க டை பெனட்ரன்ட் மூன்று டப்பா போதும். துடைத்துவிட்டுச் சிவப்புச் சாயம் அடித்து, கால் மணி நேரம் கழித்து அதைத் துடைத்தெடுத்து, வெள்ளைப் பவுடர் அடித்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும். பிஸ்டன்களையும் ராடுகளையும் எடை போட்டு ஒரு கிராமுக்குள் ஒத்துக்கொண்டுவர வேண்டும். மளிகைக்கடைத் தராசு போதாது. தெரிந்த நகைக்கடைக்காரரிடம் போனேன். துணியில் சுற்றி எடுத்துப்போன பிஸ்டனை அவர் வெற்றிலைத் தட்டில் வாங்கி வைத்து, இரண்டு தசமம் வரை படித்துச் சொன்னார். சேதாரம் போடவில்லை.

பேரிங் புதிதாக. பேரிங்குக்குள் சுற்றும் ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்கட்டும். 42 மி.மீ.க்கு 0.04. பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து இறுக்கி, பிரித்து, நசுங்கின அகலத்தைப் பாருங்கள். ‘கையால் ஆட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கு’ என்று சொல்லும் பட்டறையில் எஞ்சினை விடாதீர்கள்.

ஹெட்டையும் பிளாக்கையும் லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட்டு, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் வைத்து, ஹெட் போல்ட்டைப் புதிதாகப் போட்டால் 0.5 பார் வரை கேஸ்கட் பற்றிய கவலை குறையும். ஸ்டீல் கேஸ்கட்டுக்கு முகம் வழவழவென்று இருக்க வேண்டும். லேத்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழைய கேஸ்கட்டுக்குச் செய்கிற மாதிரி சொரசொரப்பாக விட்டுவிடுவார்.

இரண்டு கேஸ்கட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைக்கச் சொல்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 74 மி.மீ. விட்டம், 75.5 மி.மீ. ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டருக்கு 325 சி.சி. கம்ப்ரஷன் 9.5, அதாவது கலவை அத்தனை மடங்கு அமுங்குகிறது என்றால், மேலே எரியும் இடம் 38 சி.சி. இதை 8.5-க்கு இறக்க 43 சி.சி. வேண்டும். அந்த 5 சி.சி.யைக் கேஸ்கட் தடிமனில் தேடினால் 1.2 மி.மீ. கூட்ட வேண்டும்.

இப்போது பிரச்சினை. பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரமும் ஹெட்டும் ஒரு மில்லிமீட்டருக்குள் நெருங்கி, நடுவில் இருக்கும் கலவையைப் பிதுக்கித் தள்ள வேண்டும். அந்தக் கலக்கல்தான் தீயை வேகமாகப் பரப்பி நாக்கிங்கைத் தடுக்கிறது. 1.2 மி.மீ. தூக்கிவிட்டால் அந்தப் பிதுக்கல் செத்துவிடும். நாக்கிங்கைக் குறைக்கப் போய் அதையே கூட்டிக்கொள்வீர்கள். இரண்டு கேஸ்கட்டை அடுக்கினால் கசிவும் இலவசம். 0.3 பார் வரை 9.5-ஐ அப்படியே விட்டு, தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுங்கள். ஒரு பி.எஸ்.ஐ. பூஸ்டுக்கு ஒரு டிகிரி என்று தொடங்கலாம்.

எந்த டர்போ? பழைய டீசல் வண்டி டர்போ ஆகுமா?

1.3 லிட்டர் டீசல் கார்களில் வந்த சின்ன, வேஸ்ட்கேட் உள்ள டர்போ கோவைப் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும். 0.25, 0.3 பாருக்கு ஆகும். அதிக சுற்றில் மூச்சு முட்டும். நமக்கு வேண்டியது மேடு ஏறும் இழுவை என்பதால் பரவாயில்லை. ஆனால் டீசல் புகையை விடப் பெட்ரோல் புகை 100, 200 டிகிரி சூடு கூடுதல். முழு மிதியில் நீண்ட நேரம் பிடிக்காதீர்கள், நிறுத்தும் முன் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். உள்ளே ‘வேன்’ எனப்படும் இதழ்கள் கோணம் மாறும் வகை டர்போ வேண்டாம், அந்தச் சூட்டில் இறுகிப்போகும்.

வாங்கும்போது தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மலையில் டர்போவுக்குத்தான் வேலை அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே 1.2 பாரைத் தர, கோவையில் காற்றை 1.25 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் 1.55 மடங்கு. அங்கே அது கூடுதல் வேகத்தில் சுற்றி, காற்றையும் கூடுதலாகச் சூடாக்கும்.

ஈசியு, இன்ஜெக்டர்?

பூஸ்டைப் பார்க்கக் கண் இல்லாத ஈசியுவை நம்பி நான் பட்டது போதும். இப்போது ஸ்பீடுயினோ போட்டிருக்கிறேன். ஆர்டுவினோ மெகா பலகையில் ஓடும் திறந்த மூல ஈசியு அது. சாலிடரிங் தெரிந்தால் நீங்களே கட்டலாம். அதோடு சேர்க்கும் மேப் சென்சார் 2.5 பார் வரை பார்க்கும்.

ஒரு நுட்பம். வெளிக்காற்றழுத்தத்தைப் பல ஈசியுக்கள் சாவி போடும்போது ஒருமுறைதான் படிக்கும். குன்னூரில் ஸ்டார்ட் செய்து, அணைக்காமலே மேட்டுப்பாளையம் இறங்கினால் அது இன்னும் குன்னூரிலேயே இருக்கும். இதற்கென்று தனியாக இரண்டாவது சென்சார் வையுங்கள். விலை ஒரு பொருட்டல்ல.

100 குதிரைத்திறனுக்கு, எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுத்தால், இன்ஜெக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 215 சி.சி. பக்கம் வேண்டும். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் அளவைச் சொல்லும் லாம்ப்டா (1-க்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல்) 0.80-ஐ ஒட்டி இருக்கட்டும். அதை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

எந்தப் பெட்ரோல்?

இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. திட்டிக்கொண்டே ஊற்றுகிறோம், ஆனால் டர்போவுக்கு அது நண்பன். எத்தனால் ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும், நாக்கிங்கைத் தள்ளிப்போடும். அதே காற்றுக்குச் சுமார் 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துகிறவர்கள் டேங்க்கை நிரப்பி வையுங்கள். நம் ஊர் ஈரத்தை எத்தனால் குடித்துவிடும்.

பிளக்?

ஒரு படி குளிர்ந்தது, அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடுவது. இடைவெளி 0.7 மி.மீ. என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த பிளக். பாஷில் நேர் எதிர்.

இன்டர்கூலர்?

டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பது அது. 0.25 பாரில் காற்று ஏறக்குறைய 35 டிகிரி சூடாகும். ஜனவரி மாத ஊட்டியில் இல்லாமலே சமாளிக்கலாம். கீழே போவதாக இருந்தால் பழையது ஒன்றைத் தேடிப் போடுங்கள்.

மலையில்தான் குளிராயிற்றே, கூலிங் பிரச்சினை வராதல்லவா?

வரும். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் பிடித்தால் அது 115 ஆகும். மூடியின் ரப்பர் போயிருந்தால் திரும்ப 94. அதிலும் மேட்டில் வேகம் குறைவு, சுமை அதிகம், காற்றும் மெல்லியது. முதலில் மூடியை மாற்றுங்கள், அப்புறம் பெரிய ரேடியேட்டரைப் பற்றிப் பேசலாம்.

இறங்கி முடித்து ஆக்சிலேட்டர் கொடுத்ததும் நீலப் புகை வருகிறதே. டர்போ போச்சா?

அவசரப்படாதீர்கள். காட் ரோட்டில் அரை மணி நேரம் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் பலத்த வெற்றிடம். அதனால் வால்வு கைடு வழியாக ஆயில் இறங்கும். புகை ஒருமுறை வந்து நின்றால் கைடு சீல். ஐடிலிலேயே தொடர்ந்து வந்தால் டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயைப் பாருங்கள். அது தடிமனாக, வளைவில்லாமல், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். சமதளத்தில் மேலே இருக்கும் ஓட்டை, கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது முழுகிப்போகலாம். சம்ப்பைக் கழற்றி வெளியே வைத்து ஓட்டை போடுங்கள். துளைபோடும் தூசு உள்ளே விழுந்தால் புது பேரிங் ஒரு நாளில் காலி.

கிளட்ச் தாங்குமா?

புதிது என்றால் தாங்கும். பழையது என்றால் முதல் மேட்டிலேயே வாசனை சொல்லிவிடும்.

சட்டப்படி சரியா?

பொதுச் சாலையில் சரியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். விபத்து என்றால் இன்சூரன்ஸும் கை விரிக்கும். அதனால்தான் என் வண்டி கேரியரில் போகிறது, தோட்டத்துச் சாலையிலும் டிராக்கிலும் மட்டும் ஓடுகிறது.

கையில் இருக்கும் காசை எப்படிப் பிரிப்பது?

நூறு ரூபாய் இருந்தால் நான் 40-ஐ ஈசியு, சென்சார், இன்ஜெக்டர், பம்புக்கு வைப்பேன். 25 எஞ்சின் உள்வேலைக்கு. டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் 20. மிச்சம் 15-ஐத் தொடவே மாட்டேன், அது மறந்துபோன பொருளுக்கு. பெரும்பாலோர் டர்போவுக்கே 60 போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.

முதல் ஓட்டத்தில் எதைக் கவனிப்பது?

பழைய நாக் சென்சார் ஒன்றை பிளாக்கில் திருகி, சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாக ஹெட்ஃபோனில் கேளுங்கள். வால்வுச் சத்தம் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக வரும். நாக்கிங் அதற்கு நடுவில் ‘டிக்’ கென்று தனியாகத் தெறிக்கும். கேட்டவுடன் காலை எடுங்கள்.

இரண்டு மூன்று முழு மிதி கொடுத்து, அணைத்து, பிளக்கைக் கழற்றி, கைக்கண்ணாடி வைத்து வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். குண்டூசி முனையளவு பளபளக்கும் புள்ளிகள் இருந்தால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். செட்டிபாளையத்தில் உடைந்த எஞ்சினின் நான்கு பிளக்கையும் இன்னும் ஒரு பழைய டீத்தூள் டப்பாவில் வைத்திருக்கிறேன். மூன்றாவது பிளக்கில் எண்ணிப் பார்த்தேன், பதினொரு புள்ளி. பக்கத்து சிலிண்டரின் பிளக்கிலும் இரண்டு இருந்தன.